ஒரே ரத்தம், மூன்று எண்: எல்லையோரத்தில் ஐ.என்.ஆர். பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

அம்மைக்கு இதய வால்வு மாற்றி வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. காலையில் ஊர் லேபில் ரத்தம் கொடுத்தோம். ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் எண்ணான ஐ.என்.ஆர். 2.3. அன்றைக்கே திருவனந்தபுரத்தில் செக்கப். அங்கேயும் ஊசி குத்தி எடுத்தார்கள், 3.0 வந்தது. சாயங்காலம் தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தால், பக்கத்து வீட்டுத் தம்பி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். வளைகுடாவிலிருந்து தன் அப்பாவுக்கு வாங்கி வந்த கையடக்க மீட்டர் மடியில். "சும்மா ஒண்ணு பாப்போம்" என்று அம்மை விரலிலும் குத்தினான். 2.7.

அம்மை என்னைப் பார்த்தாள். "ரத்தம் ஒண்ணுதானே மக்கா, கணக்கு மட்டும் எப்பிடி மூணா வருது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததற்கு விலையும் கொடுத்தோம். அம்மைக்கு இருக்க வேண்டிய அளவு 2.5 முதல் 3.5 வரை. 2.3ஐப் பார்த்த ஊர் டாக்டர், ரத்தம் உறைவதைத் தடுக்க அம்மை தின்னும் மாத்திரையைக் கூட்டினார். 3.0ஐப் பார்த்த திருவனந்தபுரத்துக்காரர்கள் அப்படியே தொடரச் சொன்னார்கள். நாங்கள் ஊர் டாக்டர் சொன்னதைக் கேட்டோம். பத்தாவது நாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. எடுத்துப் பார்த்தால் 4.8.

வால்வு மாற்றியவர்கள், துடிப்பு தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்காரர்கள், கால் நரம்பில் ரத்தக் கட்டி வந்தவர்கள் என்று இந்த மாத்திரை தின்பவர்கள் மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலை வரை வீதிக்கு ஒருவர் இருக்கிறார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி மாவட்டம் இந்தப் பக்கம் சேர்ந்து எல்லை மாறினாலும் ஆஸ்பத்திரி வழி மாறவில்லை. மதுரைக்கு அரைநாள் பயணம். திருவனந்தபுரமோ களியக்காவிளை தாண்டி 30 சொச்சம் கிலோமீட்டர். அதனால் அறுவை அந்தப் பக்கம், மாதாந்திர ரத்தப் பரிசோதனை இந்தப் பக்கம், அவசரத்துக்கு எது கிட்டேயோ அது. குழப்பம் பிறப்பதே இந்த ஏற்பாட்டில்தான். நான் டாக்டர் இல்லை. பதினோரு வருஷமாக அம்மையின் ஐ.என்.ஆர். நோட்டைச் சுமப்பவன். மருந்தின் அளவை முடிவு செய்வது உங்கள் மருத்துவர் வேலை. அவர் கையில் போய்ச் சேரும் எண் சரியான எண்ணாக இருப்பதற்கு நாம் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலை: சீட்டைப் படிக்கப் பழகுவது

நம்மூரில் ரப்பர் பால் உறைய வைப்பதைப் பார்க்காதவர் இல்லை. ஒரே மரத்துப் பால்தான். ஆசிட் கெட்டியாக விட்டால் சீக்கிரம் உறையும், தண்ணீர் கூடிப்போனால் காத்துக் கிடக்க வேண்டும். ஷீட் உறைய எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து மட்டும் பாலின் தரத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். "நீ விட்ட ஆசிட் எது?" என்று கேட்பார்கள்.

ரத்தப் பரிசோதனையிலும் அதே கதை. ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் நீரில், அதாவது பிளாஸ்மாவில், த்ராம்போபிளாஸ்டின் என்ற பொருளையும் கால்சியத்தையும் சேர்த்து, உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கிறார்கள். இதுதான் புரோத்ராம்பின் நேரம், சீட்டில் பி.டி. என்று இருக்கும். ஆர்மண்ட் குயிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1935இல் கொண்டுவந்த முறை. த்ராம்போபிளாஸ்டின்தான் இங்கே ஆசிட். ஒரு கம்பெனி முயல் மூளையிலிருந்து எடுக்கும். இன்னொன்று மனிதப் புரதத்தையே ஆய்வகத்தில் உருவாக்கிச் செய்யும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வீரியம். ஆக விநாடிக் கணக்கை லேபுக்கு லேப் ஒப்பிடவே முடியாது.

இந்தச் சிக்கலுக்காக உலக சுகாதார நிறுவனம் 1983இல் ஏற்றுக்கொண்ட வழிதான் ஐ.என்.ஆர். நோயாளியின் விநாடியை, அதே லேபில் ஆரோக்கியமானவர்களுக்கு வரும் சராசரி விநாடியால் வகுக்க வேண்டும். கிடைக்கும் விகிதத்தை, அந்தச் சோதனை மருந்தின், அதாவது த்ராம்போபிளாஸ்டினின், வீரியத்தைக் குறிக்கும் ஐ.எஸ்.ஐ. என்ற எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் வருவது ஐ.என்.ஆர். (ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் ஒரு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

கணக்காகப் பாருங்கள். ஒரு லேபில் உங்களுக்கு 30 விநாடி, அங்கே சராசரி 12, ஐ.எஸ்.ஐ. 1.0. விகிதம் 2.5, ஐ.என்.ஆர். 2.5. இன்னொரு லேபில் அதே ரத்தத்துக்கு 25 விநாடி, சராசரி 13, ஐ.எஸ்.ஐ. 1.4. விகிதம் 1.92, அடுக்கேற்றினால் அங்கேயும் 2.5தான். ஐந்து விநாடி வித்தியாசத்தைப் பார்த்துப் பதறினால் வீண் பதற்றம்.

ஆக சீட்டில் நாலு எண்கள் வேண்டும்: நோயாளியின் விநாடி, சராசரி விநாடி, ஐ.எஸ்.ஐ., கடைசியில் ஐ.என்.ஆர். பல சீட்டுகளில் ஐ.எஸ்.ஐ. இருக்காது. கேட்டு வாங்கி நோட்டில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று தயங்க வேண்டாம். இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை அவர்களே எழுதித் தருவார்கள்.

எண் எங்கே பிசகுகிறது

கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தும் அம்மைக்கு ஏன் மூன்று எண் வந்தது? அந்த ஊர் லேபில் அப்போது வேலை பார்த்தவர் ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னது இது. அந்த மாதம் சோதனை மருந்து கிட் மாறியிருக்கிறது. பழைய கிட்டின் ஐ.எஸ்.ஐ. 1.0, புதியது 1.2. பெட்டிக்குள் இருந்த தாளில் அச்சடித்தும் இருந்தது. மெஷினில் யாரும் மாற்றவில்லை. அம்மைக்கு வந்தது 27.6 விநாடி, சராசரி 12. விகிதம் 2.3. ஐ.எஸ்.ஐ. 1.0 என்று கிடந்ததால் அப்படியே 2.3 என்று அடித்துத் தந்துவிட்டது. 1.2 போட்டிருந்தால் 2.7. ஒரு பொத்தானை அமுக்காததால், தேவையில்லாத மருந்து அம்மை வயிற்றுக்குள் போயிருக்கிறது.

எண் ஏற ஏற இந்தத் தவறும் பெருகும். விகிதம் 2 என்றால் 1.0க்கும் 1.2க்கும் இடையே வருவது 0.3 வித்தியாசம். விகிதம் 3 ஆனால் 0.7ஐத் தாண்டிவிடும். ஐ.எஸ்.ஐ. 1.0க்குப் பக்கத்தில் உள்ள சோதனை மருந்தை வைத்திருக்கும் லேப் நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அடுக்கு சிறிதாக இருந்தால் பிழையும் பெரிதாக வளராது.

இரண்டாவது, அந்தச் சராசரி விநாடி. முறைப்படி குறைந்தது 20 ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை அந்த மெஷினிலேயே, அந்த மருந்திலேயே பார்த்து எடுக்க வேண்டிய எண். கிட் மாறினால் அதுவும் மாற வேண்டும். எல்லாக் காலத்துக்கும் 12 என்றே எழுதிக்கொண்டிருக்கும் லேபில் கொஞ்சம் சந்தேகப்படலாம். 24 விநாடியை 12ஆல் வகுத்தால் 2, 13ஆல் வகுத்தால் 1.85. தனக்கு இருக்க வேண்டிய அளவின் ஓரத்தில் நிற்பவருக்கு இது போதும், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழ.

மூன்றாவது டியூப். இதை நாமே கண்ணால் பார்க்க முடியும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நீல மூடி போட்ட டியூப், உள்ளே 3.2 சதவீத சோடியம் சிட்ரேட். ரத்தம் ஒன்பது பங்கு, சிட்ரேட் ஒரு பங்கு. 2.7 மில்லி ரத்தமும் 0.3 மில்லி சிட்ரேட்டும் என்பது வழக்கமான அளவு. டியூபில் கோடு இருக்கும், ரத்தம் அதுவரை வர வேண்டும். வயதானவர்களுக்கு நரம்பு கிடைக்காது. நாலு குத்து குத்தி, பாதி டியூப் வந்ததும் "போதும் அம்மச்சி, பாவம்" என்று விட்டுவிடுவார்கள். இரக்கம்தான். ஆனால் ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சும். மிஞ்சிய சிட்ரேட் சோதனையில் சேர்க்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உறைய நேரம் கூடும், இல்லாத ஐ.என்.ஆர். ஏறும். அம்மைக்குப் பாதி டியூப்தான் வந்தால் நான் "வேறே கையிலே பாருங்க" என்பேன். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

எடுத்ததும் டியூபை மூன்று நாலு தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. கவிழ்க்காமல் ஸ்டாண்டில் செருகினால் சின்னதாக ஒரு கட்டி விழுந்து, அதன் பிறகு வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்று: பல லேப் என்பது உண்மையில் ரத்தம் எடுக்கும் இடம் மட்டும்தான். டியூப் அங்கிருந்து பெட்டிக்குள் ஏறி நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகும். அதில் தப்பில்லை. இந்தச் சோதனைக்கு ரத்தம் அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைப்பதுதான் தப்பு. குளிரில் உறைவுப் புரதம் ஒன்று தானே முடுக்கிவிடப்பட்டு எண் மாறும். ஐஸ் மீனுக்கு, ஐ.என்.ஆர். டியூபுக்கு இல்லை.

லேபைத் தேர்ந்தெடுப்பது

கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. இங்கேயே மெஷினில் பார்க்கிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா? ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு இந்தச் சோதனை பார்க்கிறீர்கள்? வாரத்தில் இரண்டே பேருக்குப் பார்க்கும் இடத்தைவிடத் தினமும் பத்துப் பேருக்குப் பார்க்கும் இடம் மேல்; கிட் பழசாகாது, கையும் பழகியிருக்கும். வெளித் தர மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறீர்களா? இது முக்கியம். ஒரே மாதிரியான பிளாஸ்மாவைப் பல லேபுகளுக்கு அனுப்பி, யார் எண் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறது என்று பார்க்கும் திட்டம் அது. வேலூர் சி.எம்.சி. ரத்த உறைவுச் சோதனைகளுக்கு இதை நடத்துகிறது. லேபின் தரத்துக்கான என்.ஏ.பி.எல். சான்று வாசலில் மாட்டியிருந்தால் நல்லது. ஆனால் அந்தச் சான்றின் பட்டியலில் இந்தச் சோதனையும் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரைக்குச் சான்று வாங்கிவிட்டு எல்லாவற்றுக்கும் வாங்கியது போல் மாட்டுவதும் உண்டு.

பிறகு அந்த ஒரே லேபில் நில்லுங்கள். என் பதினோரு வருஷத்து நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருப்பது இந்த ஒன்றுதான். ஒரு லேப் எப்போதும் கொஞ்சம் கூட்டியே காட்டினாலும், மாதாமாதம் அங்கேயே பார்த்தால் ஏற்றமும் இறக்கமும் உண்மையானதாக இருக்கும். ஒரு மாதம் மார்த்தாண்டம், அடுத்த மாதம் நெய்யாற்றின்கரை, கல்யாண வீட்டுக்குப் போனால் அங்கே ஒன்று என்று போட்டால், ஏறியது ரத்தமா லேபா என்று யாராலும் சொல்ல முடியாது. இருபது ரூபாய் குறைவு என்பதற்காக லேப் மாற்றுவது இந்த ஒரு விஷயத்தில் வேண்டாம்.

செக்கப்புக்குத் திருவனந்தபுரம் போகும்போது அங்கே எடுக்கத்தான் செய்வார்கள். அதற்கு முந்தின நாளோ அன்று காலையோ உங்கள் வழக்கமான லேபிலும் எடுத்துக்கொண்டு போங்கள். இடையில் மாத்திரை அளவு மாறாமல் இருந்தால், வருஷத்தில் இரண்டு தடவை கிடைக்கும் அந்த ஜோடி எண்கள் இரண்டு இடத்துக்குமான வித்தியாசத்தைச் சொல்லிவிடும். எங்கள் நோட்டில் இப்போது எட்டு வருஷத்து ஜோடிகள் இருக்கின்றன. திருவனந்தபுரம் எப்போதும் 0.2 கூட. டாக்டருக்கும் தெரியும், அவர் பதறுவதில்லை.

எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம்

கையடக்க மீட்டர்களுக்கான சர்வதேசத் தரவிதி ஒன்று உண்டு, ஐ.எஸ்.ஓ. 17593. அதன் 2007ஆம் வருஷப் பதிப்பு சொன்னது இது. லேபோடு ஒப்பிடும்போது, 2.0க்குக் கீழே என்றால் 0.5க்குள், 2.0 முதல் 4.5 வரை என்றால் 30 சதவீதத்துக்குள், நூற்றுக்குத் தொண்ணூறு அளவீடுகள் விழ வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. லேபில் 3.0 என்றால் மீட்டர் 2.1 காட்டினாலும் 3.9 காட்டினாலும் தேறிவிட்டது என்று பொருள். முதன்முதலில் கணக்குப் போட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நடைமுறையில் மருத்துவர்கள் இதைவிட இறுக்கமாகப் பார்க்கிறார்கள். 2 முதல் 4 வரை உள்ள இடத்தில் இரண்டு அளவும் 0.5க்குள் இருந்தால் பொதுவாக ஒத்துக்கொள்வார்கள். நான் பார்ப்பது இன்னொன்று: எந்த எண்ணை நம்பினாலும் மாத்திரை அதேதானா? 2.7, 3.1 என்று வந்தால் அம்மைக்கு இரண்டிலும் அதே மாத்திரைதான், விட்டுவிடுவேன். 2.3, 3.0 என்று வந்தால் ஒன்று கூட்டச் சொல்கிறது, மற்றது சும்மா இருக்கச் சொல்கிறது. அப்போது இரண்டையும் டாக்டரிடம் ஒன்றாகக் காட்டாமல் எதையும் தொடுவதில்லை. ஒருவரிடம் ஒரு சீட்டு, இன்னொருவரிடம் இன்னொரு சீட்டு என்று காட்டியதுதான் அன்றைக்கு நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம். லேபின் பிழை அதற்குப் பிறகுதான்.

லேபைத் திட்டும் முன் அடுப்பையும் பாருங்கள். ஒரு கர்க்கடக (ஆடி) மாதம் அம்மையின் எண் திடீரென்று 1.8க்கு இறங்கியது. லேபில் போய்ச் சண்டை போடாத குறை. வீட்டுக்கு வந்தால் முருங்கையிலைத் துவரன், தகரை, மத்தன் இலை, பத்திலைக் கறி என்று அந்த வாரம் முழுக்க இலையாகவே ஓடியிருக்கிறது. போதாக்குறைக்கு மருந்துக் கஞ்சி. கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையை மழுக்கும். கீரையை விட வேண்டாம், ஒரே அளவாகத் தின்றால் போதும். மறுபக்கம், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், படைக்குக் கொடுக்கும் ஃபுளுகோனசோல் மாதிரியான மருந்துகள் எண்ணை விறுவிறுவென ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கும். புதிதாக எந்த மாத்திரை சேர்ந்தாலும் நோட்டில் தேதியோடு எழுதுங்கள். டாக்டரிடம் சொல்லி, சில நாளில் ஒரு தடவை கூடுதலாக எடுங்கள்.

மீட்டர் வாங்குவதானால்

ஒவ்வொரு தடவையும் நரம்பு தேடிக் குத்துப்படும் வயதானவர்களுக்கு, மலையோரம் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இருந்து பஸ் பிடித்து வர வேண்டியவர்களுக்கு, விரல் நுனியில் ஒரு சொட்டில் முடிகிற மீட்டர் பெரிய வரம். ஆனால் மீட்டரின் விலை ஒரு தடவை, சொட்டை வைக்கும் சோதனைப் பட்டையின் விலை ஒவ்வொரு தடவையும். நம்மூரில் பட்டை தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்காமல் வளைகுடாவிலிருந்து யாரும் கொண்டுவர வேண்டாம். பக்கத்து வீட்டுத் தம்பியின் மீட்டர் இப்போது பட்டையில்லாமல் அலமாரியில் கிடக்கிறது.

எல்லாருக்கும் இது சரிவராது. ஆன்டிபாஸ்போலிபிட் என்ற நோய் எதிர்ப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு மீட்டர் தாறுமாறாகக் காட்டலாம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ரத்தசோகை கடுமையாக இருந்தாலும், ரத்தம் மிகக் கெட்டியாக இருந்தாலும் தவறு வரும். பரவலாக விற்கும் கோவாகுசெக் எக்ஸ்.எஸ். மீட்டருக்கு ஹெமாடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 25 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் சீட்டிலேயே அந்த எண்ணும் இருக்கும்.

வாங்கியதும் செய்ய வேண்டியது ஒப்பீடு. லேபில் ரத்தம் எடுக்கும் நாளில் மீட்டரையும் கொண்டு போங்கள். ஊசி வெளியே வந்த சில நிமிஷத்துக்குள், மற்றக் கையின் விரலில் குத்தி மீட்டரில் பாருங்கள். காலையில் மீட்டர், மறுநாள் லேப் என்பது ஒப்பீடு ஆகாது. இப்படி மூன்று தடவை, முடிந்தால் எண் கொஞ்சம் தாழ்ந்திருக்கும் ஒரு நாளும் உயர்ந்திருக்கும் ஒரு நாளும் கிடைக்கும்படி. மூன்று ஜோடியையும் டாக்டரிடம் காட்டி அவர் சரி என்ற பிறகுதான் மீட்டரை நம்பி மருந்து. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) பட்டை வாங்கும்போது ஒரு தடவை.

மீட்டர் 4.5ஐத் தாண்டிக் காட்டினால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், நரம்பு ரத்தத்தில் உறுதி செய்யச் சொல்லுவார். உயரமான எண்களில்தான் மீட்டரும் லேபும் அதிகம் பிரியும். 2018இல் ரோஷ் கம்பெனியின் கோவாகுசெக் பட்டைகள் அமெரிக்காவில் பெட்டி பெட்டியாகத் திரும்பப் பெறப்பட்டதும் இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நியமத்துக்குப் பட்டையின் அளவைத் திருத்தியிருந்தார்கள், 4.5க்கு மேல் எண் கூடுதலாக வர ஆரம்பித்துவிட்டது. பழைய நியமத்துக்கே திரும்பி வேறு பட்டை கொடுத்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஐ.என்.ரேஷியோ என்ற இன்னொரு மீட்டர் சந்தையை விட்டே போனது. அதன் குறை நேர் எதிர்: சிலருக்கு லேபைவிட மிகவும் குறைத்துக் காட்டியது. மீட்டரின் பெயரும் பட்டையின் லாட் எண்ணும் நோட்டில் இருந்தால் இப்படி ஒரு செய்தி வரும்போது தேட வேண்டாம்.

குத்துவதில் நம்மூர்ச் சங்கதிகள் சில. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் விரல் தோல் காய்த்திருக்கும், ஆசிட் பட்டு வெடித்தும் இருக்கும். சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைத் தொங்கவிட்டு ஒரு நிமிஷம் ஆட்டுங்கள். நடு விரலிலோ மோதிர விரலிலோ, நுனியில் பக்கவாட்டில் குத்துங்கள். சொட்டு தானே வர வேண்டும். பிழிந்தால் சதையிலிருக்கும் நீரும் வரும். அதிலே உறைய வைக்கும் பொருளே இருக்கிறது, எண் கெடும். முதல் சொட்டையே, 15 விநாடிக்குள் பட்டையில் வைக்க வேண்டும். சர்க்கரை மீட்டர் பழக்கத்தில் முதல் சொட்டைத் துடைத்துவிடாதீர்கள். போதவில்லை என்று மேலே இன்னொரு சொட்டு விடவும் கூடாது. அந்தப் பட்டை போனது போனதுதான், வேறு விரல், வேறு பட்டை. பட்டையோடு வரும் சின்ன சிப்பை மீட்டரில் மாற்ற மறக்காதீர்கள். லேப்காரர் ஐ.எஸ்.ஐ. மாற்றாமல் விட்ட அதே தவறு இங்கே நம் கையால் நடக்கும்.

சூடு இன்னொரு எதிரி. 32 டிகிரிக்கு மேல் மீட்டர் அளக்காது. பங்குனி, சித்திரையில் ஓட்டு வீட்டில் மத்தியானம் பார்த்தால் பிழைச் செய்திதான் வரும். விடிகாலையில் பாருங்கள். பட்டையைக் கார் டேஷ்போர்டில் வைக்காதீர்கள்.

எல்லை தாண்டும்போது

அந்தப் பக்கம் வாங்கிய மாத்திரை இந்தப் பக்கம் கிடைக்காது என்பது சாதாரணம். கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று வேறொன்றை நீட்டுவார். வார்ஃபரின் வேறு, அசிட்ரோம் என்ற பெயரில் கிடைக்கும் அசினோகூமரால் வேறு. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒன்றின் 2 மில்லிகிராம் மற்றதின் 2 மில்லிகிராமுக்குச் சமம் இல்லை. உடம்பில் தங்கும் நேரமும் வேறு. மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் நோட்டின் அட்டையில் எழுதி, கடையில் அதைக் காட்டி வாங்குங்கள். "ஒரு மாத்திரை", "அரை மாத்திரை", "பிங்க் மாத்திரை" என்று எழுதாமல் மில்லிகிராமில் எழுதுங்கள். தீர்வதற்குப் பத்து நாள் முன்பே வாங்கிவிடுங்கள், ஹர்த்தால் எப்போது என்று யாருக்குத் தெரியும்.

"இப்போ புது மாத்திரை வந்திருக்கு, ஐ.என்.ஆரே பாக்க வேண்டாமாமே" என்று யாராவது சொல்வார்கள். டாபிகட்ரான், ரிவரோக்சபான் போன்றவை. சிலருக்கு நல்ல மருந்துதான். உலோக வால்வு வைத்தவர்களுக்கு ஆகாது. டாபிகட்ரானை அவர்களிடம் சோதித்துப் பார்த்த ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அம்மையின் நெஞ்சில் இருப்பது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் உருவான சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்திய அதே ரகம். ராத்திரி அமைதியாக இருக்கும்போது கடிகாரம் போலக் கேட்கும். அந்தச் சத்தம் அமுங்கினாலோ கேட்காமல் போனாலோ, மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, எண் என்ன என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, நேரே பெரிய ஆஸ்பத்திரி. கறுப்பாக மலம் போவது, சிறுநீரில் சிவப்பு, தலையில் அடி, நிற்காத ரத்தம் இவற்றுக்கும் அப்படியே. எண் கூடிவிட்டது என்று பக்கத்துக் கிளினிக்கில் யாராவது வைட்டமின் கே ஊசி போட வந்தால், வால்வு இருப்பதை முதலில் சொல்லி, வால்வு வைத்த டாக்டரிடம் போனில் பேசச் சொல்லுங்கள். ஒரேயடியாக உறைவு திரும்பினால் வால்வில் கட்டி விழலாம்.

நோட்டில் நான் கோடு போட்டிருக்கும் கட்டங்கள்: தேதி, எந்த லேப் அல்லது மீட்டர், விநாடி, சராசரி, ஐ.எஸ்.ஐ. அல்லது பட்டை லாட், ஐ.என்.ஆர்., அன்றைக்குச் சாப்பிட்டுவந்த மில்லிகிராம், யார் என்ன மாற்றச் சொன்னார்கள், கடைசியில் அகலமாக ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தில் அம்மையே சொல்லச் சொல்ல எழுதுவேன். போன மாதம் 2.6க்கு நேரே இருப்பது: "சீரைத் துவரன் ரெண்டு நாள். சளி மாத்திரை இல்லை. டியூப் நிறைஞ்சுது."